நான்கு வினாடிப் பச்சை

கோகிலவாணியின் நெற்றியில் பட்டையைக் கட்டினால் நான்கு வினாடியில் பச்சை விளக்கு எரியும். கோயம்புத்தூர் கம்பெனி வட்டாரத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மற்ற நிறுவனங்களின் நிதித் தலைவர்களுக்கு ஒன்பது வினாடி, பதினொரு வினாடி ஆகும். மும்பையில் ஒருவருக்கு இருபத்தாறு வினாடி ஆனபோது, பச்சைதான் எரிந்தது என்றாலும், அந்த நிறுவனத்தின் பங்கு அன்றைக்கே ஆறு சதவீதம் இறங்கியது.

மெய்யொப்பச் சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன் அடுத்தடுத்து மூன்று பெரிய நிறுவனங்கள் சரிந்தன. இல்லாத வங்கி இருப்பை இருப்பதாகவும், வராத வருமானத்தை வந்ததாகவும் அவை ஆண்டுக்கணக்காக எழுதியிருந்தன. தணிக்கையாளர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விசாரணையில் எல்லோரும் சொன்ன ஒரே பதில், "எங்களுக்குத் தெரியாது." அப்போதுதான் நரம்பியல் ஆய்வகம் ஒன்று இந்தப் பட்டையைக் கண்டுபிடித்தது. ஒருவர் தான் சொல்வதைத் தானே நம்புகிறாரா என்று அது காட்டும். ஆண்டறிக்கையில் கையெழுத்திடுபவர் மேடையில் பட்டையைக் கட்டிக்கொண்டு, "இந்த அறிக்கை நிறுவனத்தின் உண்மையான நிலையைக் காட்டுகிறது என்று நம்புகிறேன்" என்று வாசிக்க வேண்டும். பச்சை எரிந்தால் அதன் பிறகு கேள்வி இல்லை. சிவப்பு எரிந்தால் நிறுவனத்தின் பங்கும் பத்திரமும் அந்த நிமிடமே முடக்கப்படும்; கையெழுத்திட்டவருக்கு ஏழு ஆண்டுச் சிறை.

சட்டம் வந்த இரண்டே ஆண்டுகளில் தணிக்கை அலுவலகங்களில் பாதி மூடப்பட்டன. கிடங்கு கிடங்காகப் போய் மூட்டை எண்ணுவதற்கு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்குதான் பட்டைக்கு ஆனது.

கோகிலவாணிக்கு நாற்பத்தைந்து வயது. ஊர் கோபிசெட்டிபாளையம். கணவர் மகுடேஸ்வரன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் ஆசிரியர். மூன்று ஆண்டுகளுக்கு முன் தண்கலம் என்ற குளிர்பதனக் கிடங்கு நிறுவனம், பழைய சம்பளத்தைப் போல மூன்று மடங்கு தந்து அவளை நிதித் தலைவராக எடுத்துக்கொண்டது. தண்கலத்துக்கு நாற்பத்தொரு கிடங்குகள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி, கிருஷ்ணகிரியில் மாம்பழம், தூத்துக்குடியில் மீன். விவசாயிகளும் வியாபாரிகளும் அறைகளை ஆண்டு வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்த வாடகைதான் வருமானம். அந்த வருமானத்தைக் காட்டி நிறுவனம் கடன் பத்திரங்களை விற்றது. உழவர் குழுக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் சேமிப்பை அதில் போட்டிருந்தன. இந்த ஆண்டு அறிக்கைக்குப் பச்சை கிடைத்ததும் அறுநூறு கோடிக்குப் புதிய பத்திரம் வெளியிடுவதாக ஏற்பாடு.

கையெழுத்து நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, திண்டுக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவள் தனியாகக் காரில் திரும்பிக்கொண்டிருந்தாள். மதியம் இரண்டு மணி. ஒட்டன்சத்திரத்தைத் தாண்டும்போது சாலையோரம் தண்கலத்தின் நீலப் பலகை தெரிந்தது. முகம் கழுவிக்கொண்டு போகலாம் என்றுதான் வண்டியைத் திருப்பினாள். அதற்கு முன் எந்தக் கிடங்குக்கும் அவள் போனதில்லை. போக வேண்டிய தேவை வந்ததேயில்லை. எதைக் கேட்பதற்கு முன்னாலும் ஆவணம் மேசைக்கு வந்துவிடும்.

கிடங்கு மேற்பார்வையாளர் சம்சாத் பேகம் ஐம்பதை ஒட்டிய பெண். தலையில் முக்காடும் கையில் சாவிக்கொத்துமாக ஓடி வந்தாள்.

"வாங்கம்மா, நீங்க... டிவில வருவீங்களே! அந்தப் பச்சை லைட்டு அம்மாதானே நீங்க?"

"ஆமாங்க. கொஞ்சம் முகம் கழுவணும்."

கழிப்பறைக்குப் போகும் வழியில் இருபுறமும் அறைகள். மொத்தம் பதினாறு. கதவுகள் திறந்து கிடந்தன. குளிர்பதன அறைக்கு அருகில் போனால் காலில் சில்லென்று படும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அங்கே வெக்கையாக இருந்தது. மூன்றாவது அறைக்குள் தரை முழுக்கப் புளி பரப்பிக் காய வைத்திருந்தார்கள். ஐந்தாவது அறையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இது என்னங்க?"

சம்சாத்தின் முகம் மாறியது. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சும்மாக் கெடக்குதேன்னு பக்கத்து ஆளுக கேட்டாங்க. நான் காசு ஒண்ணும் வாங்கல. மழைக்கு முன்னாடி எடுத்துருவாங்க."

"இந்த அறையெல்லாம் ஓடலையா?"

"ரெண்டு ஓடுதும்மா. பதினஞ்சும் பதினாறும். மத்த பதினாலும் நான் வந்ததுலருந்தே ஓடல. நான் வந்து நாலு வருசம் ஆகப்போகுது."

கோகிலவாணிக்குக் கணக்கு நினைவில் இருந்தது. ஒட்டன்சத்திரம்: பதினாறு அறைகள், பதினாறும் வாடகையில். எட்டு வாடகைதாரர்கள். சென்ற ஆண்டு வாடகை இன்னும் வரவில்லை, வர வேண்டிய தொகை என்று காட்டப்பட்டிருந்தது. அந்த எட்டுப் பெயர்களையும் சொல்லிக் கேட்டாள்; ஒன்றுகூடச் சம்சாத்துக்குத் தெரியவில்லை.

முகம் கழுவாமலே கிளம்பினாள். வாசல்வரை வந்த சம்சாத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அம்மா, புதுப் பத்திரம் வருதாமே? ஏற்கெனவே ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் போட்டிருக்கேன். மகளுக்காக எடுத்து வச்சது. இன்னும் ஒண்ணு போடலாமா?"

"இங்க இருந்து இதையெல்லாம் பாத்துக்கிட்டே எப்படிப் போட்டீங்க?"

"இங்க காலியாத்தான் இருக்கு. ஆனா மொத்தம் நாப்பத்தொண்ணு இருக்கே! மத்ததெல்லாம் நல்லா ஓடும்னு நெனச்சேன். இல்லேனா உங்களுக்குப் பச்சை எரியுமா? நாலு செகண்டுல எரிஞ்சுதே. உங்களப் பாத்துத்தாம்மா போட்டேன்."

கோகிலவாணி வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். தாராபுரம் தாண்டும்வரை அவள் வானொலியைக்கூடப் போடவில்லை.

திங்கட்கிழமை காலை யுவராஜ் அவள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். முப்பத்திரண்டு வயது. மூன்று ஆண்டுகளாக அவளுடைய உதவியாளன். எந்த எண்ணைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் அதற்கான ஒப்பந்தம், வங்கிக் கடிதம், புகைப்படம் எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டுவருவான். இப்படி ஒருவன் கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்று மகுடேஸ்வரனிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"மேடம், வெள்ளிக்கிழமை ஒட்டன்சத்திரம் போயிருக்கீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கிடங்குக் கேமராவ நான்தான் பாக்கணும். என் வேலையே அதுதான்." அவன் உட்காரவில்லை. "என் பதவி என்னன்னு ஆபீஸ் பட்டியல்ல பாத்திருக்கீங்களா? உதவியாளர்னு இருக்காது. தெளிவு மேலாளர்னு இருக்கும்."

"அப்படின்னா?"

"உங்க மனசத் தெளிவா வச்சிருக்கறது. உங்ககிட்ட என்ன வரணும், என்ன வரக்கூடாதுன்னு பாத்துக்கறது. உங்களுக்குச் சந்தேகம் வர்றதுக்கு முன்னாடியே பதில் வந்துரணும். பெரிய கம்பெனி எல்லாத்துலயும் இப்ப எங்கள மாதிரி ஒரு ஆள் இருக்கான் மேடம்."

கோகிலவாணி தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னை வேலைக்கு எடுத்தப்ப, கடையில மீதிச் சில்லறைய எண்ணிப் பாப்பீங்களான்னு கேட்டாங்க. மாட்டேன்னு சொன்னேன். கதவப் பூட்டுனா ரெண்டாந்தடவ இழுத்துப் பாப்பீங்களான்னு கேட்டாங்க. அதுக்கும் மாட்டேன்னேன். என் நேர்மையச் சோதிக்கறாங்கன்னு நெனச்சேன்."

"நேர்மையும் வேணும் மேடம். நேர்மை இல்லாதவங்களுக்கும் சிவப்பு எரியும். ஆனா நேர்மையா இருந்து நோண்டிப் பாக்கற ஆளா இருந்தா கம்பெனிக்கு உதவாது. ரெண்டும் சேந்த ஆளு கெடைக்கறது கஷ்டம். அதுக்குத்தான் அந்தச் சம்பளம்."

கீழே அவினாசி சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"எத்தன கிடங்கு?" என்று கேட்டாள்.

"வேண்டாம் மேடம். எண்ணிக்கை தெரிஞ்சா உங்களால அப்புறம் எதுவும் பண்ண முடியாது." யுவராஜின் குரல் இறங்கியது. "நான் இன்னைக்கு இதப் பத்தி மேலிடத்துக்கு அறிக்கை குடுக்கணும். குடுத்தா மத்தியானத்துக்குள்ள உங்கள மாத்திருவாங்க. ஆறு மாசச் சம்பளம் தந்து மரியாதையா அனுப்புவாங்க. திருப்பூர்ல ஒருத்தர் தயாரா இருக்கார். அஞ்சு செகண்டு."

"குடுக்கப் போறியா?"

"எனக்கு எல்லாம் தெரியும் மேடம். அதனால என் வாழ்க்கையில எந்த அறிக்கையிலயும் நான் கையெழுத்துப் போட முடியாது. சி.ஏ. முடிச்சிட்டு கேமரா பாத்துக்கிட்டு இருக்கேன்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வெள்ளிக்கிழமை ஒட்டன்சத்திரத்துல கரண்டு இல்ல, கேமரா ஓடலேன்னு எழுதிக்கறேன். நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க. தெரிஞ்சா நான் சொல்லியாகணும்."

அன்று மதியம் அவள் வெளியே ஒரு பூங்காவில் உட்கார்ந்து, மெய்யொப்ப ஆணையத்தின் உதவி எண்ணுக்குப் பேசினாள். எடுத்தவர் பொறுமையான மனிதர்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா சென்ற மூணு வருசமும் அந்த நிறுவனத்துக்குப் பச்சை. பச்சை எரிஞ்ச அறிக்கை மேல நாங்க விசாரணை தொடங்க முடியாது. சட்டத்துல இடமில்லை."

"நானே சொல்றேனுங்க. அந்தக் கையெழுத்தே என்னோடதுதான்."

"அப்ப நம்பித்தானே போட்டீங்க? அதுல குற்றம் இல்லையே."

"இந்த வருசம் போட மாட்டேன்னு சொன்னா?"

"வேற ஒருத்தர் போடுவார். அவருக்குப் பச்சை வந்தா அதுதான் அறிக்கை."

"அப்ப யாருதான் இத நிறுத்தறது?"

"சிவப்பு வந்தா நின்னுரும்மா. சிவப்பு வந்த அஞ்சாவது நிமிசம் எல்லாம் முடங்கிரும். எங்க ஆளுங்க எல்லாக் கிடங்குக்கும் போவாங்க. அது ஒண்ணுதான் வழி."

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்த ஒரு வாக்கியம் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு வர வேண்டும். சிவப்பு வர வேண்டுமானால் உண்மை தெரிந்த ஒருத்தி மேடையில் ஏறிப் பொய் சொல்ல வேண்டும். பொய் சொன்னதற்கு அவள் சிறைக்குப் போக வேண்டும்.

மறுநாள் காலை, தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போதே கணவரிடம் சொல்லிவிட்டாள். மகுடேஸ்வரன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏழு வருசம் கோகிலா. ராஜினாமா பண்ணிட்டு வந்துரு. நம்ம ரெண்டு பேருக்கு என்ற சம்பளம் போதாதா?"

"போதுமுங்க. ஆனா அடுத்த நாளே திருப்பூர்க்காரர் உக்காருவாரு. அறுநூறு கோடியும் விவசாயிங்க பணம். போனாத் திரும்பி வராது."

"இதுக்கு முன்னாடி மூணு வருசம் வாங்கினதும் விவசாயிங்க பணந்தான். அதுக்கு நீ பொறுப்பா? உன்னை ஏமாத்தி வாங்குனாங்க."

"அந்தச் சம்சாத்து என்னைப் பாத்துப் போட்டேன்னு சொன்னாளுங்க. கம்பெனியப் பாத்துன்னு சொல்லல."

கல்லில் இருந்த தோசை கருகியது. இருவருமே எழுந்து போய் அடுப்பை அணைக்கவில்லை. கடைசியில், "ஜெயில்ல வாரத்துக்கு எத்தனை தடவை பாக்க விடுவாங்க?" என்று கேட்டார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்னால் நிர்வாக இயக்குநர் தரணிதரன் அவள் அறைக்கு வந்தார். அறுபது வயது. தக்காளி வியாபாரியாகத் தொடங்கித் தண்கலத்தைக் கட்டியவர். ஒவ்வொரு ஆண்டும் கையெழுத்துக்கு முன் வந்து, "நல்லாத் தூங்கறீங்களாம்மா?" என்று விசாரிப்பார். அதை அன்பு என்று நினைத்திருந்தாள். இப்போதும் அது அன்பாகவே தெரிந்தது. அதுதான் அவளைக் குழப்பியது.

"சார், ஒட்டன்சத்திரத்துல எல்லா அறையும் நிறைஞ்சிருக்குதுங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பதறவில்லை.

"நிறைஞ்சிருமுங்கம்மா. சரக்கு ஏத்த ரயில்வே சைடிங் வருது, ஏற்றுமதி மண்டலம் வருது. ரெண்டு வருசத்துல அங்க அறை கெடைக்காது பாருங்க."

"இப்ப?"

"வெதச்ச காட்டைப் பாத்து வெறுங்காடுன்னு சொல்லுவீங்களா? முதல் கிடங்கு கட்டுனப்ப எங்கிட்ட எட்டாயிரம் ரூபா இருந்துச்சு. எட்டு லட்சம் இருக்குதுன்னு சொல்லித்தான் கடன் வாங்கினேன். ஒரே வருசத்துல எட்டு லட்சம் வந்துருச்சு. அப்ப நான் சொன்னது பொய்யா, கொஞ்சம் முன்னாடி சொன்ன நெசமா? நீங்களே சொல்லுங்க."

அவர் கண்ணில் ஈரம் தெரிந்தது. அவர் நடிக்கவில்லை. தான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவர் நம்பினார். இயக்குநர் என்ற முறையில் அவரும் ஆண்டுதோறும் பட்டை கட்டிக்கொள்வார். அவருக்கு எப்போதும் ஐந்து வினாடியில் பச்சை எரிவது ஏன் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

கையெழுத்து நாள். காலை பத்தரை மணி. அரங்கத்தில் எழுநூறு பேர், அவர்களில் பாதி உழவர் குழுக்களின் தலைவர்கள். மேடையில் ஆணையத்தின் பதிவாளர், பட்டை, கம்பத்தின் உச்சியில் விளக்கு. மகுடேஸ்வரன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் மாற்றுத்துணி இரண்டை ஒரு பையில் வைத்து அவரிடம் கொடுத்திருந்தாள்.

முதலில் தரணிதரன். ஐந்து வினாடி, பச்சை. கைதட்டல்.

கோகிலவாணி உட்கார்ந்தாள். பட்டை நெற்றியில் இறுகியது. ஆச்சரியமாக, பயம் இல்லை. செய்ய வேண்டியதை முடிவு செய்தாகிவிட்டது. அடுத்து என்ன என்பதும் தெரியும். அறிக்கையின் மேல் கை வைத்துத் தெளிவாக வாசித்தாள்.

"இந்த அறிக்கை நிறுவனத்தின் உண்மையான நிலையைக் காட்டுகிறது என்று நம்புகிறேன்."

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

பச்சை எரிந்தது.

அரங்கம் எழுந்து கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். கோகிலவாணி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறைக்குத் தயாராகி வந்தவளுக்கு இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பதிவாளர் புன்னகையோடு பட்டையின் கொக்கியைக் கழற்றக் கை நீட்டினார். இன்னும் ஒரு நிமிடத்தில் திரையில் பத்திர விற்பனை திறக்கும்.

"கழட்டாதீங்க," என்றாள். "பட்டையோட இருக்கறப்ப கூடுதலா ஒரு அறிவிப்பு செய்யலாம்னு விதி இருக்குதில்லீங்களா?"

இருந்தது. பலரும் அதைக் கடவுளுக்கும் பங்குதாரர்களுக்கும் நன்றி சொல்லப் பயன்படுத்துவார்கள். பதிவாளர் கையை எடுத்துக்கொண்டார்.

"இதையும் பதிவு பண்ணுங்க. ஒட்டன்சத்திரம் கிடங்குல பதினாறு அறை இருக்கு. அதுல பதினாலு அறை காலி. அங்க புளி காயுது. நான் என் கண்ணால பாத்தேன். இந்த அறிக்கை பொய். பொய்யின்னு தெரிஞ்சேதான் இப்ப கையெழுத்துப் போட்டேன்."

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

மறுபடியும் பச்சை.

முதலில் சிலர் பழக்கத்தில் கைதட்டினார்கள். பிறகு அதுவும் நின்றது. பதிவாளர் விளக்கைப் பார்த்தார், தன் கையிலிருந்த விதிப்புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி விளக்கைப் பார்த்தார். அறிக்கை உண்மை என்றும் பச்சை. பொய் என்றும் பச்சை. அதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

"என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க?" என்றார் தரணிதரன், ஒலிபெருக்கி இல்லாமல். சொந்தப் பிள்ளை அடித்துவிட்டது போல இருந்தது அவர் முகம்.

விற்பனையைத் தாற்காலிகமாக நிறுத்தினார்கள். கருவியில் கோளாறு என்றது நிறுவனம். கருவியில் கோளாறே இல்லை என்றது கருவி செய்த நிறுவனம். இரண்டில் எந்தப் பச்சை சரி என்று கண்டுபிடிக்க வேறு கருவி இல்லை. ஒன்பது நாள் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு, ஆணையத்திலிருந்து மூன்று பேர் ஒரு ஜீப்பில் ஒட்டன்சத்திரம் போனார்கள். போய் எண்ணினார்கள். சட்டம் வந்த பிறகு ஒரு கிடங்கில் யாராவது எதையாவது எண்ணியது அதுவே முதல் முறை. அங்கிருந்து மற்ற நாற்பதுக்கும் போனார்கள். இருபத்து மூன்று கிடங்குகள் முழுதாகவோ பாதியாகவோ காலி. வாடகைதாரர்களில் பாதிப் பேர் தரணிதரனின் உறவினர்கள் தொடங்கிய காகித நிறுவனங்கள்.

அறுநூறு கோடி வசூலாகவில்லை. ஆனால் பழைய பத்திரங்கள் போட்டவர்களுக்கு ரூபாய்க்கு முப்பத்தெட்டுக் காசுதான் திரும்பியது. கோகிலவாணி மறுபடி ஒட்டன்சத்திரம் போய்ச் சம்சாத்தைப் பார்த்தாள். தொண்ணூற்றோராயிரத்து இருநூறு ரூபாய் வந்ததாகச் சம்சாத் சொன்னாள். தேநீர் கொடுத்தாள்.

"கோவம் இருக்குதும்மா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். புதுசுலயும் போட்டிருந்தா அதுவும் போயிருக்கும், அதுவும் தெரியுது. ஆனா கோவம் போகல."

"போக வேண்டாங்க," என்றாள் கோகிலவாணி.

விசாரணை தொடங்கியபோது அவளைத் தகவல் அளித்த சாட்சி என்றார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன. கையெழுத்திடும் உரிமம் பறிபோனது, ஆனால் சிறை இல்லை, ஏனென்றால் சிவப்பு எரியவில்லை. கருவி நிறுவனத்திலிருந்து தாட்சாயணி என்ற பொறியாளர் சென்னையிலிருந்து அவளைப் பார்க்க வந்தாள். மேசைமேல் நான்கு வரைபடங்களை விரித்தாள்.

"மேடம், இது பொய்யக் கண்டுபிடிக்கற மிஷினே இல்ல. மனசுக்குள்ள சண்ட நடக்குதான்னுதான் பாக்குது. சாதாரணமா பொய் சொல்றவங்களுக்குள்ள ஒரு இழுபறி இருக்கும், அது தெரியும். நீங்க அன்னிக்கு முடிவு பண்ணிட்டு வந்துட்டீங்க. இழுபறியே இல்ல. அதான் பச்சை. உங்க எம்.டி.க்கும் அதே கததான், வேற காரணம்."

"சரிங்க. இதச் சொல்லவா சென்னையிலருந்து வந்தீங்க?"

"இல்ல. ஒண்ணு கேக்கணும்." தாட்சாயணி வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இது உங்களோட நாலு வருஷக் கையெழுத்து. மொத வருஷத்துக் கோடு மட்டும் தனியா நிக்குது பாருங்க. ரெண்டு, மூணு, நாலு, இந்த மூணும் ஒரே கோடு. மயிரிழகூட வித்தியாசம் இல்ல. நாலாவது வருஷம் உங்களுக்கு உண்மை தெரியும். தெரிஞ்சும் சண்ட இல்லாத மனசோட கோடு இது. அப்படீன்னா ரெண்டாவது, மூணாவது வருஷம்...?" வரைபடங்களைக் கீழே வைத்தாள். "இது அறிக்கையில வராது மேடம். இத ஆதாரமா ஏத்துக்கவும் மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு, அவ்ளோதான்."

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள் கோகிலவாணி. தாட்சாயணி வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகும் கோகிலவாணி அந்த நாற்காலியிலேயே இருந்தாள். இரண்டாம் ஆண்டுக் கையெழுத்துக்கு முன்னால், ஏப்ரல் பத்தொன்பது. யுவராஜ் ஒரு கிடங்கின் பதினாறு அறைகளுக்கும் பதினாறு புகைப்படங்கள் கொண்டுவந்தான். எல்லாவற்றிலும் வெங்காய மூட்டைகள். முன்வரிசையில் ஒரு மூட்டையின் மூலை கிழிந்து, நீலக் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது படத்திலும் அதே மூட்டை. ஏழாவதிலும். பதினாறாவதிலும். அவள் பார்த்தாள். ஒரே கயிற்றில் நிறைய மூட்டை தைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தாளா, அப்படி நினைக்கும்படி மனதைத் தானே திருப்பிக்கொண்டாளா? புகைப்படக் கோப்பை மூடிவிட்டு மகுடேஸ்வரனோடு புது வீட்டின் சாவியை வாங்கப் போனாள். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் அன்றைக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது போல இப்போது தோன்றியது.

மூன்று வாரம் கழித்து, வாக்குமூலம் எழுதித் தர ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போனாள். வெறும் காகிதப் படிவம். பட்டை எல்லாம் நீதிமன்றத் தடையில் இருந்தது. பதினோராவது கேள்வி: முறைகேட்டை முதன்முதலில் அறிந்த தேதி. வக்கீல் பென்சிலால் எழுதிக் கொடுத்திருந்தார்: ஒட்டன்சத்திரம் போன அந்த வெள்ளிக்கிழமை. அந்தத் தேதியை எழுதினால் அவள் சாட்சி. அதற்கு முந்தைய எந்தத் தேதியை எழுதினாலும் பழைய இரண்டு கையெழுத்துக்கும் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பேனாவை எடுத்து, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஏப்ரல் பத்தொன்பது என்று எழுதினாள். கீழே கையெழுத்திட்டு எழுத்தரிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "வருசத்த மாத்தி எழுதிட்டீங்களாம்மா? வேற படிவம் தரட்டுமா?"

"வேண்டாங்க. அதுதான் சரி."

அவர் மறுபடி படித்தார். படிவத்தைச் சாட்சிகளின் அடுக்கில் சேர்க்காமல் மற்றோர் அடுக்கின் மேல் வைத்தார். முத்திரை குத்தினார்.

"அப்படின்னா நீங்க சாட்சிப் பக்கம் உக்கார முடியாதும்மா. அந்தப் பெஞ்சுக்குப் போங்க."

அவர் காட்டிய பெஞ்சு சுவரோரம் இருந்தது. அதில் தரணிதரன் தனியாக உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். அவள் வருவதைப் பார்த்து முதலில் ஒன்றும் புரியாமல் விழித்தார். பிறகு பக்கத்தில் வைத்திருந்த வழக்குக் கோப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.